ஹாரனோடு சேர்த்து வாங்கிய ஜீப்

பழைய ஜீப் வைத்திருப்பவர்களைக் கண்டால் எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது? கம்பத்தில் எங்கள் பாத்திரக் கடைக்குக் குக்கர் கைப்பிடி மாற்ற வருகிறவர்கள்கூட வாசலில் நிற்கும் வண்டியைப் பார்த்துவிட்டு அதைத்தான் கேட்பார்கள். அது எதையும் கொடுக்காது, அதற்கு வாங்க மட்டும்தான் தெரியும் என்பேன். சிரிப்பார்கள். சிரிக்க வைக்க வேண்டும் என்று நான் அதைச் சொன்னதில்லை.

டீசலை நான் செலவில் சேர்ப்பதே இல்லை. கிளட்சை மாற்றினால் கியர் பாக்ஸ் முறைத்துக்கொள்ளும். ரேடியேட்டர் ஒழுகலை அடைத்துக்கொண்டு வந்தால் பிரேக் மிதி பாதாளத்துக்குப் போகும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டும் என்றுதான் இதை வாங்கினோம். அதற்கான சாமான் மதுரையில் இல்லை, கோயம்புத்தூரில் கிடைக்கும் என்பார்கள். கோயம்புத்தூரில் போய்க் கேட்டால் பழைய இரும்புக் கடையில் பார்க்கச் சொல்வார்கள். தகுதிச் சான்று வாங்க எஃப்.சி.க்கு விடுகிற மாதம் வந்தால் வீட்டில் யாரும் புதுச் சேலை என்று வாயைத் திறக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக என் கணவரின் இடுப்பு போயிற்று. அது குலுக்கிய குலுக்கலில் முதுகுத்தண்டில் தட்டு விலகி, இனி ஸ்டியரிங் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓட்டத் தெரிந்த இன்னொரு ஆள் வீட்டில் நான்தான். ஐம்பதைத் தொடப்போகிற ஒருத்தி கம்பமெட்டு மலையில் ஜீப் ஓட்டிப் போவதைப் பார்த்து, கொண்டை ஊசி வளைவுகளில் லாரிக்காரர்கள் தாங்களாகவே ஒதுங்கி வழிவிட்டார்கள். மரியாதை ஒன்றும் இல்லை, பயம்தான்.

இதெல்லாம் வெளியே சொல்லக்கூடிய செலவு. மிச்சத்தை நான் இதுவரை வெளியாட்கள் யாரிடமும் சொன்னதில்லை.

மெட்டுக்கு மேலே கேரளத்துப் பக்கம் எங்களுக்கு ஒரு துண்டு ஏலத்தோட்டம் உண்டு. தார் ரோடு முடிந்த பிறகு அங்கே போவதைப் பாதை என்று சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். கார் ஏறாது. அதனால் தோட்ட ஜீப் ஒன்றைத் தேடினோம். விடிவதற்கு முன்னால் கம்பத்துத் தெருக்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு மலைத் தோட்டங்களுக்குப் போய், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடுகிற ஜீப்புகள் எங்கள் ஊரில் ஏராளம். அதில் ஒன்று விலைக்கு வந்தது. ஓட்டியவரே சொந்தக்காரர்.

இந்தப் பக்கத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் விலையைப் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேட்டாக வேண்டும். நான்தான் கேட்டேன். “இந்த வண்டி யாரையாச்சும் எடுத்திருக்கா?”

“வீரபாண்டி ஆத்தா மேல ஆணையா இல்லக்கா. ஒரு கோழியக்கூட அடிச்சதில்ல” என்றார் அவர். அவர் சொன்னது உண்மைதான் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

விலை முடிந்து பணம் கைமாறும் நேரத்தில் அவர் சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தார். ஹாரனைக் கழற்றப் போகிறாராம். தோட்ட ஜீப்புகளுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி ஹாரன் உண்டு. இருட்டில் வீட்டுக்குள் தலை சீவிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, வருவது தன் ஜீப்பா அடுத்த தெருக்காரியின் ஜீப்பா என்று சத்தத்திலேயே தெரிய வேண்டும். தன் ஹாரனுக்குத்தான் வெளியே வருவார்கள். அதனால் ஓட்டத்திலிருந்து ஒரு வண்டி விலைக்குப் போனால், ஹாரனை மட்டும் ஓட்டியவர் கழற்றிக்கொள்வது வழக்கம்.

என் கணவருக்கும் அந்த வழக்கம் தெரியும். ஆனால் பரம்பரையாகக் கடை வைத்த புத்தி விடுமா? “பாத்த வண்டி பாத்தபடி வேணும். ஹாரனோட சேத்துத்தான் வெல பேசுனோம்” என்றார்.

“அண்ணே, புது ஹாரன் நானே வாங்கி மாட்டித் தாரேன். இது வேணாம்ணே.”

கெஞ்சக் கெஞ்ச என் கணவருக்கு அது தங்கத்தில் செய்த ஹாரன் என்று தோன்றியிருக்க வேண்டும். விடவே இல்லை.  கடைசியில் அந்த மனிதர் ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டு, வண்டியைத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போனார். புது ஜீப்பில் மாட்ட ஆசைப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம்.

வண்டிக்குள்ளே கூரைக் குழாயில் வரிசையாகக் கம்பிக் கொக்கிகள் இருந்தன. தூக்குச்சட்டி மாட்டுவதற்கு. கடையில் நாங்கள் தூக்குவாளி என்று எழுதிப்போட்டு விற்பதற்கு இங்கே எல்லார் வாயிலும் தூக்குச்சட்டிதான் பெயர். ஒவ்வொருத்திக்கும் அவளுக்கென்று ஒரு கொக்கி, அதற்குக் கீழே அவளுடைய இடம். மற்றவள் தப்பித் தவறி உட்கார்ந்தால் அன்றைக்குச் சண்டைதான். படுதா மாற்றும்போது என் கணவர் எல்லாக் கொக்கிகளையும் பிடுங்கிப் போட்டார். பின்கதவோரம் இருந்த ஒன்று மட்டும் வரவில்லை. அதில் யாரோ சிவப்பு ஒயரை நெருக்கமாகச் சுற்றி அழகு செய்திருந்தார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

கடைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் மலைக்குப் போவோம். ஆட்கள் இல்லாத நாளில் போனால்தான் ஆட்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரியும் என்பது என் கணவரின் கொள்கை. முதல் ஞாயிறு அவர்தான் ஓட்டினார். எங்கள் வீட்டிலிருந்து மெட்டு ரோட்டைப் பிடிக்க ஒரு குறுக்குத் தெரு இருக்கிறது. இன்னும் விடியவில்லை. தோட்ட ஜீப்புகளுக்கும் விடுமுறை என்பதால் ஊரே அடங்கிக் கிடந்தது. தெரு நடுவில் ஒரு மாடு படுத்திருந்தது. அவர் ஹாரனை அடித்தார். கட்டிப்போட்ட கன்றுக்குட்டி தாயைத் தேடிக் கத்துகிற மாதிரி ஒரு சத்தம். மாடு எழுந்தது. அதே நேரம் இடது பக்கம் ஒரு ஓட்டு வீட்டில் விளக்கு எரிந்தது.

நான் அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அதே இடத்தில் அந்த மாடு படுத்திருந்தது, அதே ஹாரன், அதே விளக்கு. தெருமுனையில் திரும்பும்போது கண்ணாடியில் பார்த்தால், அந்த வீட்டு வாசலுக்கு யாரோ வந்து நிற்பது தெரியும். தலைமுடி அவிழ்ந்து தொங்கும். கையில் ஏதோ இருக்கும். என்னவென்று பார்ப்பதற்குள் வண்டி திரும்பிவிடும்.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் ஜீப்பின் பின்கதவு சரியாகச் சாத்திக்கொள்ளாது. வீட்டிலிருந்து புறப்பட்டது முதல் கடகடவென்று ஆடும். அந்தத் தெருவைத் தாண்டியதும் ஆட்டம் நின்றுவிடும். அதற்குப் பிறகு மலை ஏறி, குழியிலும் கல்லிலும் விழுந்து எழுந்து, சாயங்காலம் திரும்பி வந்து வீட்டு வாசலில் நிறுத்தும்வரை அந்தக் கதவு மூச்சுக்கூட விடாது. அடுத்த ஞாயிறு புறப்பட்டால் மறுபடியும் அந்தத் தெருவரைக்கும் கடகட. நான் இதைச் சொன்னபோது, “கியர் மாத்துறோம்ல, அதான்” என்றார் என் கணவர். மலைப் பாதையில் கியரே மாற்றாமலா போகிறோம் என்று கேட்டேன்.  எனக்கு எரிச்சலாக வந்தது. பயத்தைத்தான் நான் எப்போதும் எரிச்சலாகக் காட்டுவேன் என்பது அவருக்கும் தெரியும்.

அவருடைய இடுப்பு படுத்துக்கொண்ட பிறகு நான் தனியாகப் போக ஆரம்பித்தேன். அப்போதுதான் கண்ணாடியைப் பார்ப்பதையே விட்டேன். பின்னால் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற நினைப்பு, அந்தத் தெருவைத் தாண்டியதும் வந்து கழுத்தில் உட்கார்ந்துகொள்ளும். நான் வழக்கமாகத் தனியாக இருந்தால் வாய்க்குள் ஏதாவது பாடுவேன். அந்த ஜீப்பில் பாட்டு வரவில்லை. அடுத்தவர் முன்னால் பாட எனக்குக் கூச்சம்.

ஒருநாள் அந்தத் தெருவிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். இட்லித் தட்டு ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, விலையும் கேட்காமல் கீழே வைத்தாள்.

“அக்கா, ஞாயித்துக்கெழம எங்க தெரு வழியா ஜீப்புல போறது நீங்கதான?”

“ஆமா.”

“அந்த ஹாரன மட்டும் அடிக்காதீகக்கா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அவள் சொல்லித்தான் தெரிந்தது. அந்த ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிற அக்கா இப்போது கீழே திராட்சைத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறார். அவருடைய ஒரே மகள் முன்பு இந்த ஜீப்பில் மலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் ஒருநாள் தோட்டத்தில் காற்றடித்து மரம் சாய்ந்து அவள்மேல் விழுந்துவிட்டது. “சாயங்காலம் ஜீப்பு வந்துச்சு, பிள்ள வரல. மறுநா ஆம்புலன்சுல கொண்டாந்தாக. அதுக்கப்பறம் இந்த டிரைவரு எங்க தெருவுக்கே வாரதில்ல. இப்ப நீங்க வந்து அதே ஹாரன அடிக்கிறீக. அந்தச் சத்தம் கேட்டதும் அந்தக்கா எந்திரிச்சு அடுப்பப் பத்த வைக்குது. ஒல வைக்கிறதுக்குள்ள வண்டி போற சத்தங் கேட்டு, தூக்குச்சட்டியோட வாசலுக்கு ஓடியாருது. நீங்க போயிர்றீக. அன்னைக்குப் பூரா பச்சத் தண்ணி குடிக்காது.”

 அந்த டிரைவர் ஏன் கெஞ்சினார் என்பது அப்போதுதான் புரிந்தது. வீட்டுக்குப் போய் என் கணவரைப் பிடித்துக்கொண்டேன். அடுத்தவர் கழற்றிக்கொள்கிறேன் என்று சொன்ன பொருளை விடாமல் பிடித்து வாங்கி வந்தீர்களே, அதோடு என்னென்ன வந்திருக்கிறது பாருங்கள் என்று கத்தினேன்.  மறுநாளே ஹாரன் கழன்றது. விற்காமல் கிடந்த பித்தளைக் குடங்களுக்குப் பின்னால் அதைக் கொண்டுபோய் வைத்தார். வண்டிக்கு ஊர் முழுக்க இருக்கிற சாதாரண ஹாரனை மாட்டினோம்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு அந்தத் தெருவில் நுழையும்போதே அந்த வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அந்த அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் ஹாரனைத் தொடவே இல்லை, மாட்டைச் சுற்றிக்கொண்டு போனேன். அவர் வண்டியைப் பார்த்தாரா என்றுகூடத் தெரியவில்லை. வண்டி திரும்பும் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் ஹாரன் கேட்டால்தான் எழுந்திருப்பார். இப்போது, எங்கே தனக்குக் கேட்காமல் போய்விட்டதோ என்று எல்லா நாளும் விடியும் முன்னரே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார் என்று இட்லித் தட்டுக்காரி வந்து சொல்லிவிட்டுப் போனாள். பின்கதவு மட்டும் அந்தத் தெருவைத் தாண்டியதும் வழக்கம்போல் அடங்கியது. இனி இந்த வண்டியே வேண்டாம் என்று முடிவு செய்தோம். நெடுங்கண்டத்துப் பக்கத்து ஆள் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

விற்கப் போகிற செய்தி எப்படியோ தெருவுக்குப் போய்விட்டது. அந்த அக்கா கடைக்கு வந்துவிட்டார். அவரை நான் வெளிச்சத்தில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். நன்றாகத் தலைசீவி, திராட்சைக்கு மருந்தடித்த கறை படிந்த விரல்களோடு, பாத்திரங்களுக்கு நடுவில் நின்றார்.

“வண்டிய விக்கப் போறீகளாமே தாயி.”

“ஆமாக்கா. ஹாரனயும் கழட்டியாச்சு. இனிமே உங்களுக்குத் தொந்தரவு இருக்காது.”

“தொந்தரவுன்னு நான் சொன்னேனா?” என்றார். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை. “எனக்குப் புத்தி பெசகிருச்சுன்னு தெருவுல பேசிக்கிறாக. பெசகல. எம்மக செத்துட்டான்னு எனக்குத் தெரியாதா? நாந்தான அவளக் குளிப்பாட்டுனேன்.”

நான் துடைத்துக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

“அன்னைக்கு எனக்குக் காச்ச. எந்திரிக்க லேட்டாயிருச்சு. அவளும் ராத்திரி பூரா போனப் பாத்துக்கிட்டுக் கெடந்துட்டு அப்பத்தான் எந்திரிச்சா. சோறு வடிக்கல, அதுக்குள்ள ஹாரன் அடிச்சுட்டான். வேணாம்மான்னுட்டு ஓடிட்டா. நான் அள்ளிப் போட்டுக்கிட்டு வாசலுக்கு வாரேன், ஜீப்பு முக்குத் திரும்பிருச்சு. கத்துனேன். கேக்கல.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “மத்தியானம் எல்லாரும் தூக்குச்சட்டியத் தொறந்திருக்காக. இவளையும் வா, பங்கு வச்சுக்கலாம்னு கூப்பிட்டாகளாம். பசிக்கலன்னு சொல்லிட்டுத் தள்ளிப் போயி உக்காந்தாளாம். அந்த மரத்தடியில.”

கடைக்கு வெளியே பஸ் போகிற சத்தம் கேட்டது. 

“உங்க வண்டிச் சத்தம் கேக்குறப்பல்லாம் இன்னைக்காச்சும் குடுத்துரணும்னு ஓடியாரேன். நீங்க ஒரு நாகூட நிப்பாட்டல தாயி” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். “விக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ ஹாரன அடிச்சுட்டு நிப்பாட்டுங்க. நான் சோத்தக் குடுத்துர்றேன்.”

அவரை, மகள் சோறில்லாமல் போன அந்தக் காலையிலேயே திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தோம் நாங்கள், வாரம் தவறாமல்.  சரி என்று தலையை ஆட்டினேன். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். “அவ எங்கன உக்காருவா?”

“கடைசி ஏத்தம் எங்க தெருவுதான. கதவோரந்தான் எடம் இருக்கும். அந்தக் கதவு ஆடிக்கிட்டே வரும்ல, அவளுக்கு அந்தச் சத்தமே ஆகாது. போறப்பயும் வாரப்பயும் ஒரு கையால அதப் பிடிச்சுக்கிட்டேதான் உக்காந்திருப்பா.”

அன்று சாயங்காலம் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, குடங்களுக்குப் பின்னாலிருந்து ஹாரனை எடுத்து, துடைத்து, பானெட்டில் பாதி படுத்தபடி தன் கையாலேயே திரும்ப மாட்டினார். கடைசித் திருகை முடுக்கும்வரை நான் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை. தெருவில் நுழைந்து ஹாரனை அடித்தேன். அந்த வீட்டில் விளக்கு எரிந்தது. வாசலுக்கு நேராக நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன். அவர் முன்கூட்டியே சமைத்து வைத்திருப்பார் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஹாரனுக்குப் பிறகுதான் உள்ளே அடுப்புச் சத்தமே கேட்டது. அரிசி கொதித்து, வெந்து, வடியும்வரைக்கும் நான் அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தேன். இட்லித் தட்டுக்காரி ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். கடைசியில் அந்த அக்கா வந்தார். ஓடி வரவில்லை, நடந்து வந்தார். பின்கதவைத் திறந்து, அண்ணாந்துகூடப் பார்க்காமல், கையை உயர்த்திச் சரியாக அந்தச் சிவப்புக் கொக்கியில் தூக்குச்சட்டியை மாட்டினார். “போயிட்டு வா” என்றார். ஒருமையில் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை.

மலையில் மத்தியானம் வரைக்கும் அந்தத் தூக்குச்சட்டியை என்ன செய்வது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்தேன். காக்கைக்கு வைக்கலாம் என்று நினைத்தேன். சோற்றைக் கொட்ட மனம் வரவில்லை. கடைசியில் பின்கதவோரம் உட்கார்ந்து திறந்தேன். சோறு, மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு, ஓரத்தில் ஒரு அவித்த முட்டை. யாருடைய வாய்க்காகவோ பார்த்துப் பார்த்து வைத்தது. அழுதுகொண்டே முழுவதையும் சாப்பிட்டேன். பிறகு ஓடையில் சாம்பல் போட்டுத் தேய்த்து, பாத்திரக் கடைக்காரி கழுவுகிற மாதிரி பளபளவென்று கழுவி எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அவர் வாசலில் காத்திருந்தார். மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். விளக்கு வெளிச்சத்தில் பாத்திரம் மின்னியது.

“கழுவிட்டீகளா?” என்றார்.

“ஆமாக்கா.”

“அவ கழுவ மாட்டா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். வீடு வந்து சேரும்வரை பின்கதவு ஆடவே இல்லை.

நெடுங்கண்டத்து ஆள் முன்பணத்தோடு வந்தார். வண்டி விலைக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் கணவர் காரணம் கேட்கவில்லை. விற்றால் வாங்குகிறவர் அந்தத் தெருவில் நிறுத்துவாரா? நிறுத்தினாலும் சோறு வடிகிறவரைக்கும் காத்திருப்பாரா? கிளட்சும் எஃப்.சி.யும் ரேடியேட்டரும் அவர் தலைக்குப் போகும், இது எங்கே போகும்?

அடுத்த ஞாயிறு யாரும் கேட்காமலேயே ஹாரனை அடித்து நிறுத்தினேன். அவர் கொண்டுவந்து மாட்டினார். மலையில் சாப்பிட்டேன். பாத்திரத்தைக் கழுவவில்லை. பருக்கைகள் ஒட்டிக் காய்ந்துபோய், குழம்பு ஓரம்கட்டி நின்ற அந்தத் தூக்குச்சட்டியை அப்படியே கொக்கியில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். வேறு யாராவது எங்கள் கடையில் வாங்கிய பாத்திரத்தை அப்படி வைத்திருந்தால் நானே திட்டியிருப்பேன்.

அவர் பின்கதவைத் திறந்து தூக்குச்சட்டியை எடுத்தார். மூடியைத் திறந்தார். வெகுநேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தை நிமிர்த்தி, கதவோரத்துக் காலி இடத்தைப் பார்த்து, “ஏண்டி, ஒரு தண்ணிய ஊத்திக் கொண்டாந்தா கை தேஞ்சு போயிருமாக்கும்?” என்றார். “எறங்கு, நேரமாச்சு.”

கொஞ்சம் ஒதுங்கி நின்றார், வழிவிடுகிற மாதிரி. கதவைச் சாத்தினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை எடுத்தேன்.

தெருமுனை தாண்டியதும் பின்கதவு ஆட ஆரம்பித்தது. கடகடவென்று, தெருவுக்கே கேட்கிற அளவுக்கு, வீடுவரைக்கும் ஆடிக்கொண்டே வந்தது. நான் வாய்க்குள் ஏதோ பாடிக்கொண்டு வந்திருக்கிறேன். வாசலில் நிறுத்தியபோதுதான் கவனித்தேன்.

என் கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். “முக்குல திரும்புறப்பவே கேக்குது. அந்தக் கதவ நாளைக்குப் பட்டறையில விட்டுச் சரிபண்ணிருவோம்” என்றார்.

“அத மட்டும் தொடாதீக” என்றேன்.